செல்வமணியின் சாசர்கள்

விருத்தாசலம் சந்திப்பில் இறங்கியபோது விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. கடல் தாண்டி வந்த அலுப்பு உடம்பில் இருந்தது. அதைவிடப் பெரிய அலுப்பொன்று மனத்தில் இருந்தது. என் நண்பனின் வேலை என் வேலையைவிடச் சிறந்ததா என்று பார்த்து, சிறந்ததாயின் அதை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தனை தூரம் வந்திருந்தேன்.

வேதாகமத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது, அங்கே என்ன வேலை செய்கிறது என்று காட்டும் துணைநூலொன்றைத் தமிழில் அச்சிட எங்கள் திருச்சபையின் பதிப்புக் குழு விரும்பியது. பட்டம் பெற்று ஆசிரியனான நாள் முதல் நான் அதற்கென அட்டைகள் எழுதிவந்தேன். சொல், அது வரும் ஆகமம், அதிகாரம், வசனம். அந்த அட்டைகள் என் அறையின் ஒரு சுவரையே மறைத்துவிட்டன. அச்சுக்குப் போகும் தறுவாயில், தென்னார்க்காட்டில் பீங்கான் தொழிலாளர் நடுவே ஒருவர் இதே வேலையை வேறு விதமாகச் செய்துவருகிறார் என்று குழுவுக்குத் தகவல் வந்தது. இரண்டு நூல்களை அச்சிட வசதி இல்லை. அந்த ஒருவர் செல்வமணி என்றதும், "நீர் அவரோட படிச்சனீர்தானே, போய்ப் பாத்துக்கொண்டு வந்து சொல்லும்" என்றார் குழுவின் தலைவரான போதகர்.

செல்வமணியும் நானும் சென்னையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி. விடுதிச் சமையல்காரர் எனக்கு ஒரு முட்டை வைப்பார். அவனுக்குக் கேட்காமலே இரண்டு வைப்பார். நான் இராப்பகலாகத் தயாரித்த பேச்சுப்போட்டியில், வேறு எதற்கோ அரங்குக்கு வந்த அவன் கடைசி நேரத்தில் பெயர் கொடுத்துப் பரிசு வாங்கினான். அவன்மீது யாருக்கும் கோபம் வந்ததில்லை. எனக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"டேய் சிலோன்!" என்று நடைமேடையின் மறுகோடியிலிருந்து அவன் கூவியபோது நிலையமே திரும்பிப் பார்த்தது. குதிரை வண்டிக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்தினான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் வானொலியில் சினிமாப் பாட்டுப் போடுகிறவரை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அத்தோடு அவருக்கு என்மீதிருந்த ஆர்வம் முடிந்துவிட்டது. வழி நெடுகச் செல்வமணியோடுதான் பேசினார்.

அது எழுபதுகளின் தொடக்கம். எங்கள் நாட்டில் இறக்குமதி நின்று, செத்தல் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த மிளகாய் பயிரிட்டவர்களெல்லாம் திடீரென்று தலை நிமிர்ந்த காலம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறுதான் எங்களுக்கு எல்லாம். ஆகவே வண்டி மணிமுத்தாற்றுப் பாலத்தில் ஏறியதும் நான் எட்டிப் பார்த்தேன். ஆற்றில் மணல் இருந்தது. நடுவில் ஓர் ஓரமாக ஓடிய நீரில் எருமைகள் கிடந்தன. ஆறு இருந்தும் இவர்களுக்கு நீர் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் கிடைத்தது.

செல்வமணி பீங்கான் தொழில் கற்பிக்கும் பள்ளியொன்றில் ஆசிரியன். அவன் வீட்டில் காலை உணவாகப் பொங்கலும் வடையும் வந்தன. பொங்கலில் முந்திரிப் பருப்பு வாரியிறைத்திருந்தது. இந்தப் பக்கம் முந்திரி காட்டுமரம்போல் விளைகிறது. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு எண்ணி வைக்கும் பொருளை இங்கே பொறுக்கி ஒதுக்குகிறார்கள். அவன் மனைவி மூன்றாம் முறை பரிமாற வந்தபோது, சொதியும் இடியப்பமும் தின்று வளர்ந்த வயிறு இது என்று மன்றாட வேண்டியிருந்தது.

மாலையில் அவன் வேலையைக் கண்டேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. சுவரெங்கும் பலகைத் தட்டுகள். தட்டுகளில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சாசர்கள், அடுக்கடுக்காக. ஒருமுறை சுட்டு, பளபளப்புப் பூச்சு இன்னும் பூசாத சாசர்கள் அவை. தொழிலாளர் அந்த நிலைக்கு 'பிஸ்கட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளிம்பு கோணியதென்றும் கீறல் விழுந்ததென்றும் கழித்துப்போட்டவற்றைச் செல்வமணி பொறுக்கி வந்திருந்தான். தாளைப்போல் பென்சிலைப் பிடிக்கும் அந்த வெண்மையில், ஒரு சாசருக்கு ஓர் இடமாக வேதாகமத்தின் சொற்கள் எழுதப்பட்டிருந்தன.

என் அட்டையில் இருப்பது அதில் இல்லை. அதிகாரம், வசனம் எதுவும் இல்லை. இந்தச் சொல்லை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், சொன்ன பிறகு என்ன நடந்தது. இவ்வளவுதான் இருந்தது. 'எழுந்திரு' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுத் தட்டு. அந்தத் தட்டின் ஒரு பக்கம் எழுந்தவர்கள்; மறுபக்கம் எழாதவர்கள். என்னிடமும் 'எழுந்திரு' உண்டு. ஒன்றையும் விடாமல் திரட்டியிருந்தேன். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர் எழுந்தாரா என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. 'பிழை ஏதும் இருக்கும், தேடு' என்று மனம் என்னை ஏவியது.

வேலை விட்டு ஆட்கள் வந்தார்கள். பூச்சு வேலை செய்யும் ஸ்டெல்லா, அச்சில் களிமண் வார்க்கும் அவள் கணவர் அந்தோணி, இன்னும் சிலர். கைகளில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. அன்று வழக்கு யோனாவின்மீது. எழுந்து நினிவேக்குப் போ என்று அவனுக்குக் கட்டளை. அவனோ எழுந்து, எதிர்த்திசையில் கப்பலேறி ஓடிவிட்டான். அவனை எந்தப் பக்கத்தில் வைப்பது?

"எழுந்தான்ல? எழுந்தவங்க பக்கம் வையி" என்றார் அந்தோணி.

"எழுந்து எங்க போனான்?" என்றாள் ஸ்டெல்லா. "உன்ன எழுந்து கடைக்குப் போய்யான்னா, எழுந்து டீக்கடைக்குப் போற. அது எழுந்ததா?"

கொட்டகை சிரித்தது. எலியாவின் சாசரை ஒருவர் எடுத்து வந்தார். தேவதூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். எலியா எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். "நைட் சிஃப்ட்டு பாத்த மனுசன், பாவம். அவர எழுந்தவங்களோடயே வைங்க" என்று அந்தோணி சிபாரிசு செய்தார். செல்வமணி எதற்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. பலரும் ஸ்டெல்லாவின் பக்கம் சேர்ந்ததும், யோனாவின் சாசரிலிருந்த எழுத்தை ரப்பரால் அழித்து, புதிதாக எழுதி, எழாதவர்கள் பக்கம் வைத்தான். அது எத்தனையாவது முறை அழிகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

நான் வகுப்பெடுத்தால் பிள்ளைகள் மணியைப் பார்ப்பார்கள். இங்கே நாள் முழுதும் நின்று உழைத்த கால்கள் வீட்டுக்குப் போக மறுத்தன.

மறுநாள் பெண்ணாடத்துக்குப் போனோம். கரும்பாலைத் தொழிலாளர் சிலர் அங்கேயும் இப்படியொரு தட்டுத் தொடங்கியிருந்தார்கள். பாதி வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்து நின்றது. எங்கள் பேருந்து அதன் பின்னால் உறைந்துவிட்டது. பயணிகள் இறங்கினார்கள், டிராக்டரைத் தள்ளப்போகிறார்கள் என்று எண்ணினேன். ஆளுக்கொரு கரும்பை உருவிக்கொண்டு புளியமரத்தடியில் அமர்ந்தார்கள். டிராக்டர்காரரும் ஒன்றைக் கடித்தபடி அவர்களோடு வந்து அமர்ந்ததுதான் எனக்குப் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் இது வழக்கு, நீதிமன்றம், பேச்சுவார்த்தை முறிவு வரை போயிருக்கும்.

மங்கலம்பேட்டைக் கடைக்காரர் இருவர் எங்களுக்கு அருகில் உருதுவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். செல்வமணி எனக்குத் தமிழில் சொன்னான்: "உன்னப் பாத்துட்டுத்தான். இந்த ஆளு கடைய சீல் வைக்க வந்த ஆபீசர் மாதிரி மூஞ்சிய வச்சிருக்காரு, ஆனா கூட இருக்குறவன் நல்லவன் மாதிரி தெரியுதுங்கறாங்க." அவர்களிடம் அவன் உருதுவிலேயே பதில் சொன்னதும் மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் கரும்பை மென்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, நான் நிதானமாகப் படித்து முடிவெடுக்க வசதியாகச் சாசர்களையெல்லாம் பொதுச்சூளையின் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகையில் வெளிச்சம் போதாது. அங்கே நீண்ட மேடைகளும் பெரிய சன்னல்களும் இருந்தன. சிறு பட்டறைக்காரர்கள் தனித்தனியே சூளை கட்ட இயலாது. ஆகவே ஜாடியும் பொம்மையும் மின்கம்பத்துப் பீங்கானும் செய்கிற பல குடும்பங்கள் தங்கள் சரக்கை அங்கே ஒன்றாகச் சுட்டுக்கொள்கின்றன. ஸ்டெல்லாவும் மற்றவர்களும் சாசர்களைப் பலகைகளில் வரிசையாக ஏந்தி, தலைக்குமேல் தூக்கி வந்து இறக்கினார்கள்.

இருட்டும்வரை படித்தேன். 'பயப்படாதே' என்ற சொல்லைப் பெரும்பாலும் யார் சொல்கிறார்கள், 'கொடு' என்ற சொல்லை இருப்பவன் எப்போது சொல்கிறான், இல்லாதவன் எப்போது சொல்கிறான் என்று படிக்கப் படிக்க என் கணக்குத் தெளிவாயிற்று. என் நூல் அச்சானால் போதகர்கள் வேண்டிய வசனத்தை விரைவாகக் கண்டெடுத்துப் பிரசங்கத்தை விரைவாக முடிப்பார்கள். இது அச்சானால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பேசத் தொடங்குவார்கள். சமூகத்துக்கு எது நன்மை என்று என்னைப் போன்றவன் கேட்டுப் பழகியிருக்கக் கூடாது. பதில் உடனே வந்துவிடுகிறது. மிச்சத்தை ஞாயிறு பிற்பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செல்வமணி, "எங்க காரம் ஒத்துக்கலயா?" என்று கவலைப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆராதனைக்குப் போயிருந்தோம். பிற்பகலில் கூடத்துக்குத் திரும்பியபோது மேடைகள் வெறுமையாக இருந்தன. சூளையின் வாய் அடைக்கப்பட்டு, உள்ளே நெருப்பு இரைந்துகொண்டிருந்தது.

சூளையில் சரக்கு ஏற்றுகிறவர் கோவிந்தன். பெரிய மீசையும் அதைவிடப் பெரிய குரலும் உடையவர். செல்வமணியைக் கண்டதும் மகிழ்ச்சியோடு வந்தார். ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கமிருந்து வரவேண்டிய ஜாடிகள் அச்சாணி முறிந்து வண்டியோடு வழியில் நின்றுவிட்டனவாம். சூளைக்குள் இடம் காலியாக இருந்தால் அனல் ஒரு பக்கம் மோதி, மற்றவர் சரக்கைக் கோணலாக்கும். ஆகவே காலியிடத்தோடு சூளை மூட்டுவது அங்கே வழக்கமில்லை.

"நல்ல வேளையா உங்க சாசரு இருந்துது சார். பூச்சுத் தொட்டியில முக்கி ஏத்திட்டேன். சும்மா கெடந்து என்னா ஆவுது? வெளிய வந்தா விக்கலாம்" என்றார்.

ஸ்டெல்லாதான் கேட்டாள்: "அண்ணே, அதுல எழுதியிருந்துதே, பாக்கலயா?"

"பென்சிலுதானம்மா?" என்றார் கோவிந்தன்.

அவர் வியப்பு நியாயமானது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிஸ்கட் சரக்கைச் சோதிப்பவர்கள் குறை கண்ட இடத்திலெல்லாம் பென்சிலால் குறியிடுவார்கள். அடுத்த சூட்டில் பென்சில் கரி எரிந்து மறைந்துவிடும் என்பதால்தான் பென்சில். அந்தத் தொழிலில் பென்சில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. அது அழுக்குக்குச் சமம். மேலும், அந்தக் கூடத்தில் பலகைமேல் வைத்த எதுவும் சூளைக்குக் காத்திருப்பது என்றே பொருள். இவை இரண்டையும் மாணவர்களுக்குக் கற்பிப்பவனே செல்வமணிதான். விருந்தாளிக்குக் காட்டும் மகிழ்ச்சியில் கோவிந்தனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க மறந்திருந்தான்.

நெருப்பை அணைக்கச் சொல்லலாமா என்று அந்தோணி மெல்லக் கேட்டார். இன்னும் சூடு முற்றியிருக்காது, சில சாசர்களாவது மிஞ்சும். செல்வமணி அடைத்த சூளை வாயைப் பார்த்தபடி, உள்ளே யார் யார் சரக்கு இருக்கிறது என்று கேட்டான். கோவிந்தன் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொன்னார். இடையில் நிறுத்தினால் அத்தனையும் வெடிக்கும். என்னையும் கருத்துக் கேட்டார்கள். சில தட்டுச் சாசர்களுக்காக அத்தனை குடும்பங்களின் உழைப்பை அழிப்பது முறையல்ல என்று எடுத்துரைத்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. நியாயம் முழுவதும் என் பொறாமையின் பக்கமே வந்து நின்ற அந்த வசதிதான் என்னை வெட்கப்படுத்தியது. நெஞ்சில் காற்று தாராளமாகப் போய்வந்தது. அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

சூளை ஆறி, அதைத் திறந்த நாளில் எல்லாரும் கூடியிருந்தோம். ஜாடிகள் வந்தன, பொம்மைகள் வந்தன. பிறகு சாசர்கள். பால்போல் வெண்மை, கண்ணாடிபோல் பளபளப்பு. எங்கும் ஓர் எழுத்தின் நிழல்கூட இல்லை. கோணிய விளிம்புகள்கூட அழகாகத் தெரிந்தன. செல்வமணி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சாசரை வைத்துவிட்டு வெளியே போய், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகு குலுங்கியது. யாரும் அருகில் போகவில்லை.

திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அதற்குள் ஸ்டெல்லா வாயால் எல்லாம் தெரிந்துகொண்ட கோவிந்தன், அவ்வளவு பெரிய குரலைத் தொலைத்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றார். செல்வமணி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணுகூட வெடிக்கல, கோவிந்தண்ணே. நல்லா சுட்டிருக்கீங்க."

அவனுடைய அறிவைக் கண்டு பொறாமைப்பட்டிருக்கிறேன். அவன்மீது மக்கள் கொண்ட அன்பைக் கண்டும் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எரிந்ததுபோல் எப்போதும் எரிந்ததில்லை. என் அட்டைகளை ஒருவர் அடுப்பில் போட்டிருந்தால், அந்த வாக்கியத்துக்கு நான் எங்கே போவேன்?

தேநீர்க் கடையில் அவனே பேச்சை எடுத்தான். "உன் கார்டுங்கள அச்சுக்குக் குடுத்துடுடா சிலோன். என்னோடது இப்ப இல்லன்னு சொல்லிடு. பொய் இல்லியே."

பொய் இல்லைதான். அதை வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் வாயிலிருந்து தானமாக வந்தபோது அது கசந்தது. தேநீரை ஆறவிட்டுக் குடித்தேன்.

புறப்படுவதற்கு முந்தைய மாலையில் கொட்டகையில் மறுபடியும் ஆட்கள் கூடினார்கள். புதிதாகக் கழித்துப்போட்ட சாசர்களை ஆளுக்குக் கொஞ்சம் மடியில் கட்டி வந்திருந்தார்கள். வழக்கமாக அந்தப் பக்கம் வராத கோவிந்தனும் வந்தார், ஒரு கிண்ணத்தில் கறுப்புச் சாயமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு. "இதுல எழுதுங்க சார். எத்தினி தடவ சுட்டாலும் போவாது."

செல்வமணி கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தான். "போவாதுல்ல, அதான் வேணாம்ணே. இவங்க நாளைக்கு வந்து இல்லம்பாங்க. அழிக்கணும்."

நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். நினைவு ஒழுங்காக வரவில்லை. மோசேயிடம் சொன்னதை யோசுவாவிடம் சொன்னதாக அந்தோணி சாதித்தார். ஸ்டெல்லா இல்லாத ஒரு தீர்க்கதரிசியையே உண்டாக்கிவிட்டாள். கத்தினார்கள். கடைசியில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சிலோன் சாரு, அது எங்க வருது?" என்றார். அட்டை பார்க்காமலே அதிகாரமும் வசனமும் சொன்னேன். வேதாகமத்தைப் புரட்டினார்கள், இருந்தது. பிறகு கேள்விமேல் கேள்வி வந்தது. ஒன்றிலும் நான் தடுமாறவில்லை. ஸ்டெல்லா, "இந்த சாரு இங்கியே இருந்துட்டா எவ்ளோ வேல மிச்சம்" என்றபோது என் காது சூடாயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். செல்வமணி மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். பதில் தெரிந்த கேள்விகளுக்கும் அவன் வாய் திறக்காமல் இருந்தது அப்போதுதான் புலப்பட்டது. என் மகிழ்ச்சியும் அவன் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில்தான் நின்றது.

யாழ்ப்பாணம் திரும்பியதும் குழு கூடியது. தலைவர் போதகர் நேரடியாகவே கேட்டார்: விருத்தாசலத்தில் அச்சிடத் தக்க வேலை ஒன்று இருக்கிறதா, இல்லையா?

இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அதற்கு உரியவனே கொடுத்த அனுமதியும் இருந்தது. சொன்னால் ஆண்டு முடியுமுன் என் பெயர் நூலின் முகப்பில் வந்துவிடும். அந்த நூல் இங்குள்ள ஒவ்வொரு ஆலயத்துக்கும் போகும். அதன்பின் இன்னொரு தலைமுறைக்கு வேறு ஒன்று வராது. சொல் எங்கே இருக்கிறது என்று மட்டும் எங்கள் மக்கள் அறிந்திருப்பார்கள்.

இருக்கிறது என்றேன். அங்கே கண்டதை முழுதும் சொன்னேன். அது எரிந்ததையும், அவர்கள் திரும்ப எழுதத் தொடங்கியதையும், அதற்கு முடிவென்று ஒன்று இராது என்பதையும் சொன்னேன். என் அட்டைகளை இப்போது அச்சிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வோர் அட்டையிலும் யார் சொன்னார், யாரிடம் சொன்னார், பிறகு என்ன நடந்தது என்று நான் எழுதிச் சேர்க்க வேண்டும். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அந்த ஆண்டின் அச்சு வாய்ப்பு கீர்த்தனைப் புத்தகத்துக்குப் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் தலைவர் போதகர் வாசல்வரை வந்து என் தோளில் கை வைத்தார். "தம்பி, உம்மட இடத்தில வேற ஆள் எண்டா இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான். எரிச்சல் பொறாமை எண்டது உமக்குத் துளியும் இல்லை" என்றார்.

நான் அவரைத் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் முதல் பெட்டியை இறக்கி, முதல் அட்டையை எடுத்தேன். இந்நேரம் அவன் எத்தனை சாசர் முடித்திருப்பான் என்ற நினைப்போடு பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.